தரமும் விலையும்: போர்வீரர் சிற்றுருவங்களைச் சேகரிக்க ஒரு வழிகாட்டி

போர்வீரர் சிற்றுருவங்களைச் சேகரிப்பது வசதி படைத்தவர்களுக்கு உரிய பொழுதுபோக்கு என்ற எண்ணம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சிலிம் ரிவர் போன்ற தோட்டப்புற ஊர்களில் இன்னும் இருக்கிறது. வண்ணம் தீட்டி முடிக்கப்பட்ட ஓர் உலோக உருவத்தின் விலையைக் கேட்டு வந்தவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் விலையைக் கூட்டுவது எது, தரத்தைக் கூட்டுவது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால், மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) மட்டுமே ஒதுக்க முடிந்தவரும் நாலு பேர் நின்று பார்க்கும்படியான ஒரு தொகுப்பை உருவாக்கிவிட முடியும்.

பணத்தை மிச்சப்படுத்தும் முதல் வழி, எதைச் சேகரிக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான். எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1942 ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து நெடுஞ்சாலை வழியாகப் புகுந்து, ரப்பர்த் தோட்டங்களுக்குள் கிடந்த பழைய சாலை வளைவுகளையும் பயன்படுத்திக்கொண்டு, சிலிம் ஆற்றுப் பாலம் வரை ஊடுருவின. எதிரே பிரிட்டிஷ் தரப்பில் நின்ற 11ஆவது இந்திய டிவிஷனில் பஞ்சாபியர், ஹைதராபாத் ரெஜிமெண்ட்டினர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினர் ஆகியோர் இருந்தனர். இந்த ஒரு நிகழ்வை மட்டும் எடுத்துக்கொண்டால், வாங்க வேண்டியவை ஒரு டாங்கி, சில ஜப்பானியக் காலாட்படையினர், சில பஞ்சாபியர், ஓரிரு கூர்க்காக்கள் என்று சுருங்கிவிடும். நெப்போலியன் காலத்துக் குதிரைப்படை எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் அது உங்களுக்குரிய பொருளன்று.

அடுத்து அளவு. 1/72 அளவில், அதாவது உண்மை உருவத்தின் 72இல் ஒரு பங்கில், ஒரு வீரர் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். ஒரே பெட்டியில் நாற்பது உருவங்கள்கூடக் கிடைக்கும். 28 மில்லிமீட்டர் உருவங்கள், மேசைமேல் உருவங்களை நகர்த்திப் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்காக வருபவை. 1/35 அளவு டாங்கி மாதிரிகளோடு இணைந்து செல்வது. 54 மில்லிமீட்டர் என்பது 1/32க்கு இணையான, பழைமையான சேகரிப்பாளர் அளவு. குறைந்த செலவில் நல்ல தரம் வேண்டுமென்றால் 1/35 அளவின் பிளாஸ்டிக் உருவங்களையே நான் பரிந்துரைப்பேன். முகமும் கைகளும் தெளிவாகத் தீட்டக்கூடிய அளவுக்குப் பெரியவை. தமியா போன்ற நிறுவனங்கள் இந்த அளவில் பல ஆண்டுகளாகத் தயாரித்து வருவதால் எளிதிலும் கிடைக்கின்றன. எந்த அளவைத் தேர்ந்தாலும் அதிலேயே நிலைத்து நிற்க வேண்டும். மூன்று அளவுகளில் வாங்கிய உருவங்களை ஒரே தளத்தில் நிறுத்த முடியாது.

தரத்தைப் பார்க்கும்போது பெட்டியின் மேலுள்ள ஓவியத்தை நம்பக் கூடாது. வண்ணம் தீட்டப்படாத உருவத்தின் படத்தைத் தேட வேண்டும். முதலில் முகத்தைப் பாருங்கள்: கண்குழியும் மூக்கின் கீழ் விளிம்பும் கூர்மையாக இருக்கின்றனவா? பிறகு விரல்கள் துப்பாக்கியைப் பற்றியிருக்கின்றனவா, அல்லது துப்பாக்கியும் கையும் ஒரே கட்டியாக உருகிப் போயிருக்கின்றனவா? தோள்வார் உடம்பிலிருந்து எழுந்து நிற்கிறதா, வெறும் கோடாகக் கீறப்பட்டிருக்கிறதா? அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழும் அச்சுக்கோடு முகத்தின் குறுக்கே ஓடுகிறதா, பக்கவாட்டில் மறைவாக ஓடுகிறதா? பக்கவாட்டில் இருந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம்; முகத்தில் இருந்தால் அந்த உருவத்தை விட்டுவிடுவதே நல்லது. ஐம்பதாண்டுப் பழைய அச்சிலிருந்து வார்த்ததைப் புதிய பெட்டியில் போட்டு விற்பதும் இத்துறையில் வழக்கம். ஒரு மாதிரி முதன்முதலில் எப்போது வந்தது என்பதை ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் பார்க்கலாம். 1/72 வீரர்களின் பெட்டிகளுக்குப் பிளாஸ்டிக் சோல்ஜர் ரிவியூ தளத்தில் உருவம் உருவமாகப் படமும் மதிப்புரையும் உண்டு. பழைய அச்சு என்பதாலேயே அது மோசமானதாகிவிடாது. விலை குறைவாக இருந்து, முகம் கூர்மையாகவும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

வரலாற்றுச் சரியும் தரத்தின் ஒரு பகுதி; அதற்குக் காசு செலவாகாது, படிப்பு மட்டுமே வேண்டும். மலாயாவுக்கு வந்த ஜப்பானிய 97 ரக டாங்கியில் இருந்தது குட்டையான 57 மில்லிமீட்டர் பீரங்கி. நீண்ட 47 மில்லிமீட்டர் பீரங்கியுடைய மேம்பட்ட வடிவம் அதற்குப் பின்னர்தான் களம் கண்டது. கடையில் இரண்டும் அருகருகே இருக்கும். விலை கூடியதுதான் சரியானது என்று எண்ணிவிட வேண்டாம். அதேபோல், 1944ஆம் ஆண்டு பர்மா போர்முனை என்று விற்கப்படும் இந்திய வீரர்கள் காட்டுப்பச்சை உடையில் தீட்டப்பட்டிருப்பார்கள். 1942இல் மலாயாவில் நின்றவர்கள் உடுத்தியிருந்தது காக்கி. தலைப்பாகையும் ஆயுதமும் பொருந்தி வந்தால், அந்த உருவங்களையே வாங்கிக் காக்கி தீட்டிக்கொள்ளலாம்.

பெரிய மிச்சம் வண்ணம் தீட்டுவதில்தான் இருக்கிறது. தீட்டி முடித்த உருவத்தின் விலையில் பெரும்பங்கு பிறருடைய உழைப்புக்குரியது. அது நியாயமான விலைதான், ஆனால் அந்த உழைப்பை நாமே தரலாம். நல்ல அசல் முடித்தூரிகை ஒன்று, ஒன்றாம் எண் அளவில், போதும். நீரில் நனைத்து எடுத்தால் முனை ஊசிபோல் கூட வேண்டும், பிரிந்து நின்றால் வாங்காதீர்கள். மலிவான செயற்கைத் தூரிகைகளை அடித்தளத்துக்கும் உலோக வண்ணத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் வண்ணங்களில் காக்கி, அடர்பழுப்பு, செம்பழுப்பு, மஞ்சள்காவி, பச்சை, கறுப்பு, வெள்ளை, உலோகச்சாம்பல் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். பெட்டி பெட்டியாக விற்கும் வண்ணத் தொகுதிகள் தேவையில்லை.

இங்கே ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தொழிற்சாலையில் தீட்டி வரும் இந்திய வீரர்களின் முகங்கள் பலவும் ஒரே தட்டையான பழுப்பில் இருக்கின்றன. நம் நிறத்தை நம்மைவிட நன்றாகத் தீட்டக்கூடியவர் யார்? அடர்பழுப்பில் சிறிது செம்பழுப்பு கலந்து முகம் முழுவதும் பூசுங்கள். நன்கு காய்ந்தபின், அதே கலவையில் மஞ்சள்காவி சேர்த்து நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, மோவாய் ஆகிய இடங்களில் மட்டும் மெல்லத் தொடுங்கள். வெளிச்சம் காட்டுவதற்காக வெள்ளையைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். உதட்டுக்குச் செம்பழுப்பு ஒரு தொடுதல் போதும். கண்ணில் தூய வெள்ளை வேண்டாம். காவி கலந்த வெள்ளையே உயிரோடு தெரியும்.

வண்ணம் நன்கு ஒட்டுவதற்காக முதலில் பூசும் பிரைமரைத் தெளிப்பு வகையில் வாங்கி, மழைக்கு முந்தைய புழுக்கத்தில் பயன்படுத்தினால் பரப்பு வெளுத்துச் சொரசொரப்பாகும். எங்கள் பக்கம் பிற்பகலில் வானம் இருண்டுவிடுவதால், வெயில் ஏறிய காலைப் பொழுதே அதற்கு ஏற்றது. அல்லது தூரிகையால் பூசும் பிரைமரை வாங்கிக்கொள்ளலாம்.

யாரோ அலங்கோலமாகத் தீட்டிய உலோக உருவங்கள் பழைய சந்தையில் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நீர் கலக்காத டெட்டாலில் ஓரிரவு ஊறவைத்து, கையுறை அணிந்து, பழைய பல்துலக்கியால் அந்த டெட்டாலிலேயே தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் உரிந்து வரும். முழுவதும் உரியும் முன் தண்ணீரில் காட்டினால் வண்ணம் பிசுபிசுப்பாகி ஒட்டிக்கொள்ளும். எனவே கழுவுவது கடைசி வேலை. ரெசின் எனும் செயற்கைப் பிசினில் வார்த்த உருவங்களுக்கு இம்முறை வேண்டாம். பிரிட்டன்ஸ் போன்ற பழைய நிறுவனங்களின் உருவங்களை மட்டும் எந்நிலையிலும் உரிக்கவோ மறுபடி தீட்டவோ கூடாது. தேய்ந்திருந்தாலும் மூல வண்ணமே அவற்றின் மதிப்பு. அவற்றுள் 1966க்கு முந்தையவை பெரும்பாலும் காரீயத்தால் ஆனவை. பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, தொட்டபின் கை கழுவ வேண்டும்.

நம்ப முடியாத விலையில் வரும் ரெசின் உருவங்கள் பெரும்பாலும் திருட்டு வார்ப்புகள். அசலைப் படியெடுத்து வார்ப்பதால் விளிம்புகள் மழுங்கியிருக்கும், காற்றுக்குமிழ்கள் இருக்கும், அளவும் சிறிது சுருங்கியிருக்கும். அதைவிட முக்கியமானது, மாதக்கணக்கில் உழைத்துச் செதுக்கிய சிற்பிக்கு ஒரு காசும் போய்ச் சேராது என்பது. தரமும் அறமும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன.

இணையத்தில் வாங்கும்போது, ஓர் உருவத்துக்கு ஆகும் முழுச்செலவைக் கணக்கிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு; அஞ்சல் கட்டணம் அதற்கு மேல். எடுத்துக்காட்டாக, 40 வெள்ளிப் பெட்டியில் நான்கு வீரர்கள் இருந்து, அஞ்சலும் வரியும் 24 வெள்ளி ஆனால், ஒருவருக்கு 16 வெள்ளி ஆகிறது. நண்பர்கள் இருவர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் இந்தத் தொகை கணிசமாகக் குறையும். உலோகம் கனமானது என்பதால், அதை உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதே பல வேளைகளில் மலிவு.

வாங்கியதைக் காப்பதற்கும் சிறிது தொகையை ஒதுக்கியே ஆக வேண்டும். காரீயம் கலந்த உருவங்களை ஒட்டுப்பலகை அலமாரியில் மூடி வைத்தால், பலகையிலிருந்தும் பசையிலிருந்தும் கசியும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை வெண்பொடியாக அரித்துவிடும். அரித்த பகுதி திரும்ப வராது. கண்ணாடியும் உலோகச் சட்டமும் கொண்ட சிறிய பேழை, அதற்குள் அவ்வப்போது மாற்றும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நேர்வெயில் படாத சுவர் ஆகியவை போதும். சில மாதங்களுக்கு ஒருமுறை உருவங்களைக் கவிழ்த்து, வண்ணம் படாத அடிப்பாகத்தைப் பாருங்கள். வெண்பொடி தென்பட்டால் அந்த உருவத்தை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, பேழையின் கதவைச் சில நாள் திறந்துவிடுங்கள்.