சூரை வாங்கும்போது நிறத்தையும் பாருங்கள்

குளச்சல், சின்னமுட்டம் பக்கம் காலையில் மீன் வாங்கப் போகிறவர்கள் சூரையை (டூனா மீன்) கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். "ரத்தம் அதிகம், சதை முரடு" என்று பலர் ஒதுக்குகிற மீன் இது. ஆனால் மஞ்சள் துடுப்புச் சூரையின் சமைக்காத சதை 100 கிராமில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. கொழுப்பு ஒரு கிராம்கூட வராது, மாவுச்சத்து இல்லவே இல்லை, கலோரி 110-ஐ ஒட்டித்தான். செலினியம் என்ற தாது, பி12, நியாசின் என்ற வைட்டமின்கள் எல்லாம் தாராளம்.

நடுமுள்ளை ஒட்டி கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அதை வெட்டி எறியச் சொல்லாதீர்கள், இரும்புச்சத்து அங்கேதான் அதிகம். வாடை பிடிக்காவிட்டால் கொஞ்சம் குடம்புளி கூட்டி, நல்லமிளகு தட்டிப் போட்டுக் குழம்பு வையுங்கள், சரியாகிவிடும்.

முக்கியமான விஷயம் ஐஸ். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால் விரலால் அழுத்திப் பாருங்கள்: குழி விழாமல் சதை திரும்பி எழ வேண்டும். வெட்டின துண்டு பழுப்பாக மாறியிருந்தால், விலை குறைவு என்றாலும் வேண்டாம். வாங்கியதும் ஐஸோடு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

அப்புறம், பெரிய சூரையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அடிக்கடி சாப்பிட வேண்டாம், அவர்களுக்கு சாளையும் நெத்திலியும் நல்லது.