ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நடக்கும் தவறுகள்

போன மாதம் ஈசிஆர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஏணி மேல் ஒரு பையன் நின்றுகொண்டு, ஏசி காற்று போகிற ஃப்ளெக்சிபிள் டக்டை, அதாவது வளைகிற குழாயை, பீமுக்கு அடியில் முழங்கையால் திணித்துக்கொண்டிருந்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் திணித்தேன். அதன் பலனை நான் வாங்கிக் கட்டிக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜாயின்ட்டில் டேப் ஒட்டணும், கிரில் கோணலாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

ஒரே மெஷினிலிருந்து டக்ட் வழியாக ரூம்களுக்குக் காற்று அனுப்புகிற டக்டபிள் ஏசி போடுகிற வீட்டில் காற்றைக் கொண்டுபோக மூன்று வழி உண்டு. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரத்தில் பெட்டி மாதிரி செய்வது ஒன்று. இரண்டு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் பேனலை வெட்டி ஒட்டுவது இன்னொன்று. மூன்றாவது, கம்பிச் சுருள் மேல் தாள் சுற்றிய ஃப்ளெக்சிபிள் குழாய். வம்பு இந்த மூன்றாவதில்தான்.

முழு வீட்டுக்கும் ஃப்ளெக்சிபிள்

ஆசை வருவது இயல்புதான். 10 மீட்டர் குழாய் சுருங்கி ஒரு அட்டைப்பெட்டிக்குள் வந்துவிடும். தகரம் மடிக்கிற ஆள் வேண்டாம், டக்டைத் தொங்கவிடுகிற ஹேங்கர் கணக்கு வேண்டாம். இரண்டு பேர் ஒரே நாளில் வீட்டை முடித்துவிடலாம். கொட்டேஷனும் குறைவாகவே இருக்கும்.

அண்ணா நகரில் ஒரு வீட்டை நானும் அப்படித்தான் முடித்தேன். ஹாலில் மெஷின், அங்கிருந்து மூன்று பெட்ரூமுக்கும் ஃப்ளெக்சிபிள். கடைசி ரூம் ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளி இருந்தது, நடுவில் ஒரு பீம். 8 இஞ்ச் குழாயை பீமுக்கும் சீலிங்குக்கும் இடையில் இருந்த 4 இஞ்ச் சந்தில் அமுக்கி நுழைத்தேன். மீதிக் குழாயை வெட்ட மனசு வரவில்லை. சுருங்கிக் கிடந்ததை அப்படியே சீலிங் மேல் போட்டுவிட்டேன்.

ஏப்ரலில் போன் வந்தது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பேங்க் ஆபீசர், ரொம்பப் பொறுமையான மனிதர். "காத்து ஜில்லுன்னுதான் வருது தம்பி, ஆனா வரமாட்டேங்குது" என்றார். இன்றுவரை அதைவிடத் தெளிவாக யாரும் இந்தக் கோளாறை எனக்குச் சொன்னதில்லை. நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.

சர்வீஸ் ஆள் வந்தார். காற்றைக் குளிர வைக்கிற காயிலில் ஐஸ் கட்டியிருந்தது. "கேஸ் கம்மி" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். பத்து நாளில் மறுபடி ஐஸ், மறுபடி கேஸ். காயில் மேல் போதுமான காற்று ஓடாவிட்டாலும் ஐஸ் கட்டும் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பெரிய மெஷின் மாற்றலாமா என்று அவர் கேட்டபோது, மாற்றலாம் சார் என்று சொல்லுகிற அளவுக்கு நான் போய்விட்டேன். நல்லவேளை, அதற்கு முன்னால் ஒரு நண்பரிடம் காற்றின் வேகத்தை அளக்கிற அனிமோமீட்டர் கடன் வாங்கி அளந்து பார்த்தேன். ஒரு டன் ஏசிக்கு நிமிடத்துக்கு சுமார் 400 கன அடி காற்று என்பது கணக்கு. அந்த ரூமில் அதில் பாதிகூட வரவில்லை.

ஜிப்சம் சீலிங்கை வெட்டித் திறந்தோம். பீமுக்கு அடியில் குழாய் சப்பிப் போயிருந்தது. மற்ற இடங்களில் ஊஞ்சல் மாதிரித் தொங்கியது. சுருக்கம் விரியாத குழாயின் உள்பக்கம் முழுக்க மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் காற்று முட்டி முட்டித்தான் போகணும். விறைப்பாக இழுத்துக் கட்டிய குழாயோடு ஒப்பிட்டால் உராய்வு பல மடங்கு ஏறிவிடும். வீட்டுக்கு வருகிற ஒல்லி மெஷின்களின் ஃபேனோ பெரும்பாலும் 30 பாஸ்கல் அழுத்தத்தில்தான் தள்ளும். ஸ்ட்ராவில் தண்ணீரை 3 மில்லிமீட்டர் தூக்குகிற தெம்பு, அவ்வளவுதான். அந்தத் தெம்பை முழுக்க என் மடிப்புகளே சாப்பிட்டுவிட்டன.

சீலிங், பெயின்ட், லைட் எல்லாம் திரும்பச் செய்ததில், ஃப்ளெக்சிபிளில் மிச்சம் பிடித்த காசைப் போல இரண்டு பங்கு போனது. பாதியை நான் கொடுத்தேன். எரிச்சல் அதில்கூட இல்லை. இன்றைக்கும் "அதே குழாய்தான சார், எப்படிப் போட்டா என்ன" என்று என்னிடமே சொல்கிறார்கள், அதில்தான்.

இப்போது நான் செய்வது: மெயின் ஓட்டம் ஜிஐ அல்லது பேனல். கடைசி ஒன்றரை மீட்டர், காலரிலிருந்து (மெயின் டக்டில் குழாய் மாட்டுகிற வாய்) டிஃப்யூசர் (சீலிங்கில் காற்று வெளிவருகிற வாய்) வரை மட்டும் ஃப்ளெக்சிபிள். அந்த இடத்துக்கு அது நல்ல பொருள்தான், மெஷின் சத்தத்தையும் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும். விறைக்க இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். 4 அடிக்கு ஒரு தாங்கல், அதுவும் அகலப் பட்டையாக. மெல்லிய கம்பியால் கட்டினால் இடுப்பில் அரைஞாண் இறுக்கின மாதிரி ஆகிவிடும்.

எலியைச் சொல்ல மறந்துவிட்டேன். சீலிங்குக்குள் எலி வந்தால் முதலில் கடிப்பது இந்தக் குழாயைத்தான். தகரத்தை அது தொடாது.

ஜிஐயா, பேனலா?

மொட்டை மாடியில் வெயில், மழை படுகிற இடத்துக்கு ஜிஐ. அகலம் 750 மில்லிமீட்டருக்குள் இருந்தால் 24 கேஜ் கனம் போதும். கடலோரத்தில் வெட்டு விளிம்பிலிருந்து துரு ஏறும், அங்கே அலுமினியத் தகரம் கேளுங்கள். வீட்டுக்குள் எனக்குப் பேனல்தான் பிடிக்கும். எடை குறைவு, 20 மில்லிமீட்டர் ஃபோமே இன்சுலேஷன். ஒரே பயம் எலக்ட்ரீஷியன். ஸ்டூல் எட்டாவிட்டால் அதன் மேலேயே சாய்ந்து வேலை பார்ப்பார்.

இன்சுலேஷனில் மிச்சம் பிடிப்பது

சென்னையில் 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் வேர்த்துவிடும். டக்டுக்குள் ஓடுவது 13, 14 டிகிரி காற்று. அதனால் ஜிஐ என்றால் மேலே 19 மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஒட்டச் சொல்லுங்கள், 9 போதும் என்று பேரம் பேசாதீர்கள். ஹேங்கர் தொடுகிற இடத்திலும், காலர் கழுத்திலும்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஐப்பசியில் சீலிங்கில் மஞ்சள் வட்டம் வந்தால் எல்லோரும் ஏசி தண்ணீர் வெளியே போகிற டிரெயின் பைப்பைத் திட்டுவார்கள். பாவம், பல நேரம் அது குற்றமே செய்திருக்காது.

ரிட்டர்னுக்கு டக்ட் எதற்கு என்று விடுவது

திரும்பி வரும் காற்று சீலிங்குக்கு மேலே உள்ள காலி இடம் வழியாக வரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கீழ்த்தளத்தில் தூசித் தொல்லை மட்டும்தான். மேல்தளத்தில், மே மாதத்தில், தலைக்கு மேலே கொதிக்கிற தளத்தை உரசிக்கொண்டு வரும் காற்றைத்தான் மெஷின் திரும்பத் திரும்பக் குளிர வைக்கணும். கரண்ட் பில்லில் தெரியும். மெஷின் ஹாலில் இருந்தால் பெட்ரூம் கதவுக்கு அடியிலோ மேலேயோ வழி விடுங்கள். கதவைச் சாத்தினால் உள்ளே போன காற்று எங்கே போகும்?

டக்டுக்காகப் பீமில் ஓட்டை

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் தொடாதீர்கள். கான்கிரீட்டில் ஓட்டை போடுகிற கோர் கட்டிங்காரர் சொல்வது கணக்கில்லை.

கிச்சன் சிம்னியை இதோடு சேர்ப்பது

இப்படியும் ஒரு வீடு பார்த்தேன். வேண்டாம்.

ஆள் ஏறக் கதவு

மெஷினுக்கு அடியில், சீலிங்கில் 2 அடிக்கு 2 அடி. அழகு கெடுகிறது என்று டிசைனர் சொன்னால், ஃபில்டர் கழுவ அவரே வருவாரா என்று கேளுங்கள்.