இருப்பாய்வு ஒட்டவில்லையா? வித்தியாசத்தைப் பாருங்கள்

இருப்பாய்வு (trial balance) என்பது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளையும் பட்டியலிட்டு, இரு மொத்தங்களும் சமமா என்று பார்ப்பது. அதில் பற்று, வரவு மொத்தங்களுக்கு இடையே ரூ. 360 இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் மறுபடி கூட்ட உட்காராதீர்கள். முதலில், 360 என்ற தொகை எங்காவது பதியாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அதன் பாதி: 180 பற்றுக்குப் பதில் வரவிலோ, வரவுக்குப் பதில் பற்றிலோ பக்கம் மாறி விழுந்திருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் காட்டும்.

இரண்டும் இல்லையென்றால் 9-ஆல் வகுங்கள். மீதி வராவிட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 5,840-ஐ 5,480 என்று எழுதினால் வித்தியாசம் 360, அதாவது 90 × 4. நூறு, பத்து இடங்களில் 4 வித்தியாசமுள்ள இலக்கங்களை (8-4, 7-3) முதலில் பேரேட்டில் (கணக்குகள் பதியும் ஏட்டில்) தேடுங்கள். 4,500-க்குப் பதில் 450 எழுதினாலும் வித்தியாசம் 4,050. அதுவும் 9-ஆல் வகுபடும்.

தவறான கணக்கில், ஆனால் சரியான பக்கத்தில் பதிந்த தொகையை இந்த வழி காட்டாது. அப்போது இருப்பாய்வு ஒட்டியே நிற்கும்.