நம்ம வீட்டு நாய்க்குக் கேழ்வரகு பிஸ்கட்

காட்பாடியில் எங்கள் வீட்டு மணி, களி கிளறும் வாசம் வந்தாலே அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவான். அந்தக் கேழ்வரகு மாவிலேயே அவனுக்கு பிஸ்கட் செய்கிறேன்.

ஒரு கப் மாவு, அரை கப் வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு முட்டை. உப்பு, வெல்லம், நெய் எதுவும் வேண்டாம். தண்ணீர் விடாமல் பிசையுங்கள். கேழ்வரகு மாவு கோதுமை மாதிரி இழுபடாது, முட்டைதான் பிடித்து வைக்கும். ஓரம் விரிசல் விட்டால் இன்னொரு ஸ்பூன் கிழங்கு சேருங்கள். சின்னச் சின்னதாகத் தட்டி, ஓவனில் 170 டிகிரியில் 25 நிமிடம். ஓவன் இல்லாவிட்டால் தோசைக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் திருப்பித் திருப்பி வேகவிடலாம்.

சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. பீநட் பட்டர் சேர்ப்பதானால் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு அந்த இனிப்பூட்டி விஷம்.

வேலூர் வெயிலுக்கு வெளியே வைத்தால் பூசணம் பிடித்துவிடும். ஆறியதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள். ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. மணிக்குக் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு.