கேசட்டைக் கணினியில் ஏற்றும் முன்

பழைய கேசட் பாட்டுகளை நேராக எம்.பி.3 ஆகப் பதிவு செய்யாதீர்கள். காதுக்கு எட்டாது என்று தான் கணிக்கும் ஒலிகளை அந்த வடிவம் கழித்துவிடும், கழித்தது திரும்பாது. முதலில், ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள்: ஸ்டீரியோ, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றினால் துளியும் இழக்காமல் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும். போனுக்கான எம்.பி.3 பிரதியை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கெல்லாம் முன்னால், பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு பிளேயரில் நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டைத் துடையுங்கள். என் பிளேயரில் ஜால்ரா ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கிக் கேட்டது. பாவம், நாடாவைத்தான் பல நாள் பழித்துக்கொண்டிருந்தேன். பஞ்சில் ஒட்டி வந்ததோ பழுப்பு நிற அழுக்கு!

பதியும்போது ஒலி அளவைக் காட்டும் மீட்டர் சிவப்பைத் தொட வேண்டாம். ஒலியின் உச்சம் வெட்டுப்பட்டால் வரும் கரகரப்பு எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் போகாது.