லைட்டை அணைத்தும் பாக்டீரியா சாகவில்லை

கோவையில் எங்கள் வீட்டு மீன் தொட்டி பச்சையாகிக்கொண்டே வந்தது. தண்ணீரை மாற்றினாலும் மறுபடி பச்சை. லைட்டைக் குறைக்கலாம் என்றால் பக்கத்து வீட்டு அண்ணன் பயமுறுத்தினார்: "லைட்டை அணைச்சீங்கன்னா நல்ல பாக்டீரியா செத்துப்போயிருமுங்க."

அப்படி இல்லை. மீன் கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் இந்த நல்ல பாக்டீரியாவுக்கு வெளிச்சமே தேவையில்லை; அம்மோனியாவும் ஆக்சிஜனும் வேண்டும். பலமான வெளிச்சம் அதற்குத் தொந்தரவுகூட. ஃபில்டர் ஸ்பாஞ்சுக்குள், இருட்டில் நன்றாகவே வாழும். வெளிச்சத்தில் கொழுப்பது பாசிதான்.

சரி என்று லைட்டை நிறுத்தி, தொட்டியைப் போர்வையால் சில நாள் மூடிவைத்தேன். ஃபில்டரும் ஏர் பம்ப்பும் நிற்காமல் ஓடின. இருட்டில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், செத்தால் அழுகும். அதனால் காற்று விஷயத்தில் மட்டும் அசட்டை கூடாது. அம்மோனியா டெஸ்ட் பூஜ்யத்திலேயே நின்றது. தண்ணீர் தெளிந்ததும் பாதியை மாற்றினேன். இப்போது டைமர் வைத்து 6 மணி நேரம்தான் லைட்.

பாக்டீரியாவுக்கு நிஜமான ஆபத்து, கரண்ட் போய் ஃபில்டர் நிற்பதும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவுவதும். ஃபில்டரை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டேன். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன். அப்புறம், சிறுவாணித் தண்ணீர் ருசிக்கு ஈடில்லாதது, ஆனால் உப்புக்கள் குறைவு; அதனால் தொட்டியில் பிஎச் (அமில-கார அளவு) எளிதில் இறங்கிவிடும். பிஎச் இறங்கினால் இந்தப் பாக்டீரியா மந்தமாகும். அதையும் அவ்வப்போது சோதித்துக்கொள்கிறேன்.