சிவாஜி படங்களைப் பின்னாலிருந்து முன்னால் பாருங்கள்

வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிவாஜி கணேசனை அறிமுகம் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் அக்கா மகனுக்கு முதலில் நான் போட்டுக் காட்டியது வீரபாண்டிய கட்டபொம்மன். 1959ஆம் வருஷத்துப் படம், 1960இல் கெய்ரோ விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கிக் கொடுத்தது, இதைவிட நல்ல தொடக்கம் எது என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் பையன், "ஏன் மாமா இவ்வளவு கத்துறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான். தப்பு அவன்மேல் இல்லை, நான் தொடங்கிய இடம்தான் தப்பு. அதனால் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். வாரத்துக்கு ஒரு படம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நம் ஊர் வெயிலில் அந்த நேரத்துக்கு யாரும் வெளியே போகப்போவதில்லை.

முதலில் தேவர் மகன், 1992. கமல் இருப்பதால் பிள்ளைகள் உட்காருவார்கள். ஊரை விட்டுப் போகிறேன் என்று மகன் சொல்லும்போது அப்பாவாக வரும் சிவாஜி பேசுகிற காட்சி வரும், அங்கே குரலை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தணிந்த குரல்! அடுத்த வாரம் 1985இல் வந்த முதல் மரியாதை. பாரதிராஜா அவரை விக் இல்லாமல், தோளில் ஒரு துண்டோடு நடமாட விட்ட படம். இளவட்டக்கல்லைத் தூக்கும் இடத்தில் வசனமே தேவைப்படாது. இந்த இரண்டையும் பார்த்த பிள்ளை, இவருக்குக் கத்த மட்டும்தான் தெரியும் என்று அப்புறம் சொல்லாது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான், இனிமேல் எவ்வளவு பின்னால் போனாலும் கூடவே வருவார்கள்.

மூன்றாவதாகத் தெய்வ மகன், 1969. அப்பா, இரண்டு மகன்கள் என்று மூன்று வேஷமும் அவரே. மூவரும் ஒன்றாக வரும் காட்சியில் டிவி சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கும் மூத்தவனுக்கும் முகத்தில் தழும்பு உண்டு, இளையவனுக்குக் கிடையாது. ஆனால் தழும்பையே பார்க்க வேண்டியதில்லை, நிற்கிற நிலையை வைத்தே யார் யார் என்று சொல்லிவிடலாம். என் மருமகன் இந்தக் காட்சியை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னான்.

அடுத்தது தில்லானா மோகனாம்பாள், 1968. நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி வாசிக்கவே இல்லை என்பதைப் படம் தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் கன்னம் உப்புவதையும், விரல் துளைகளை மூடித் திறப்பதையும், மூச்சு விடும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த யாருக்கும் அது நடிப்பு என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

1964இன் நவராத்திரி அவருடைய நூறாவது படம், ஒன்பது வேஷம். நேரம் இருந்தால் பாருங்கள். ஆனால் 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தை விட்டுவிடாதீர்கள். எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. கதையை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் பராசக்தி. அதைப் போடுவதற்கு முன் நம் ஊர்க் கதையைச் சொல்லியாக வேண்டும், வேலூர்க்காரர்கள் இதைச் சொல்லாமல் வேறு யார் சொல்வது? படத்தைத் தயாரித்த நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார் வேலூர்க்காரர். நாடகத்தில் பார்த்த கணேசன்தான் நாயகன் என்று அவர் முடிவு செய்துவிட்டார். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு, பையன் ஒல்லியாக இருக்கிறான், ஆளை மாற்றுங்கள் என்று பேச்சு கிளம்பியது. பெருமாள் அசையவில்லை. 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று படம் வந்தது, கணேசனுக்கு அப்போது 24 வயது. அந்த நன்றியைச் சிவாஜி கடைசிவரை மறக்கவில்லை, பொங்கல் வந்தால் வேலூரில் பெருமாள் வீட்டுக்கு வந்து மரியாதை செய்துவிட்டுப் போவார். இதைக் கேட்டுவிட்டு அந்த ஒல்லி உருவத்தைத் திரையில் பார்க்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

நீதிமன்றக் காட்சிக்கு முன்னால் இன்னொன்றும் சொல்லுங்கள். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சீதை மாதிரி பெண் வேஷமெல்லாம் கட்டியவர். மைக்கை நம்பாமல், கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய குரல் அது. 1946இல் மேடையில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துத்தான் பெரியார் அவருக்குச் சிவாஜி என்று பேர் வைத்தார். ஏழு வாரத்துக்கு முன்னால் கத்தலாகக் கேட்டது இப்போது வேறு மாதிரி கேட்கும். அடுத்த வாரம் கட்டபொம்மனைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், எங்கள் வீட்டில் அவன் முழுப் படமும் உட்கார்ந்து பார்த்தான்.

துண்டுக் காட்சிகளாக மட்டும் காட்டாதீர்கள். கலர் பூசிய பிரதியும் வேண்டாம், கறுப்பு வெள்ளையில்தான் அந்தக் கண் தெரியும். ஏறக்குறைய 290 படங்களில் எல்லாமே பார்க்க வேண்டியவை இல்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து வந்தவற்றில் பாதியைத் தாராளமாக விட்டுவிடலாம், ரசிகனாகவே சொல்கிறேன்.

முடிந்தால் பராசக்தியைப் பொங்கல் லீவில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் தாத்தா பாட்டிகளிடம் எந்தக் கொட்டகையில், யாரோடு போய்ப் பார்த்தீர்கள் என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன் படத்தை நிறுத்திவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் அவர்கள் காதில் பிள்ளைகள் கேட்பது விழாது.